மாற்றத்துக்கு நம்பர் போடுங்கள், மேலே வாருங்கள்

திங்கட்கிழமை காலை ஒன்பது மணி. ஸ்டோர்ஸிலிருந்து போன். "சார், இம்பெல்லர் லோடு வந்திருக்கு. ரெவ் சி-யா, ரெவ் டி-யா? எதை உள்ளே எடுக்கிறது?" டிசைன் 'டி' என்கிறது. பர்ச்சேஸ் கையில் இருக்கும் ஆர்டரில் 'சி' என்று இருக்கிறது. லைனில் ஒட்டியிருக்கும் டிராயிங்கில் யாரோ ஓர் அளவைப் பேனாவால் அடித்துத் திருத்திச் சுருக்கொப்பம் போட்டிருக்கிறார். மூன்று இடம், மூன்று பதில். லாரி கேட்டில் நிற்கிறது.

அந்த நேரத்தில் ஒருவர் ரிஜிஸ்டரைப் பார்த்துவிட்டுச் சொல்கிறார்: "இசிஓ 10342. 'டி'தான் சரி. பழைய ஸ்டாக் 60 பீஸ் ஸ்பேர்ஸுக்குப் போகணும்." அரை நிமிட வேலை. பிளான்ட் ஹெட் அவரை மறக்க மாட்டார். அந்த ஒருவராக நீங்கள் ஆவது எப்படி என்பதுதான் இந்தக் கட்டுரை.

முதலில் சொற்களைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். டிராயிங், மெட்டீரியல், பிஓஎம், புராசஸ் ஆகியவற்றில் எதை மாற்றுவது, யார் அனுமதித்தார், எப்போதிலிருந்து அமல் என்று சொல்லும் உத்தரவு இன்ஜினியரிங் சேஞ்ச் ஆர்டர், சுருக்கமாக இசிஓ. மாற்ற வேண்டும் என்று கேட்பது சேஞ்ச் ரிக்வெஸ்ட், இசிஆர். மாற்றத்தை எல்லோருக்கும் தெரிவிப்பது சேஞ்ச் நோட்டீஸ், இசிஎன். பல கம்பெனிகளில் மூன்றையும் சேர்த்தே இசிஎன் என்று சொல்லிவிடுவார்கள். பெயர் எதுவானாலும், அதற்கு எப்படி நம்பர் போடுவது என்பதுதான் கேள்வி.

பத்துப் பேர் இருக்கும் பட்டறையில் இந்தக் கேள்வியே எழாது. ஓனருக்கு எல்லாம் மனப்பாடம். ஆட்கள் நாற்பது ஆனதும், டிசைனில் இருவர் ஒரே நாளில் '17' என்று நம்பர் போடுவார்கள். நூற்றைம்பது ஆகி, பெரிய கஸ்டமர் ஆடிட்டுக்கு வந்து உட்காரும்போது, எந்த 17 என்று யாருக்கும் தெரியாது. கோவையின் பம்ப் யூனிட்டானாலும் ஓசூரின் ஆட்டோ காம்பொனென்ட் யூனிட்டானாலும் வளர்கிற கம்பெனிக்கு இந்தக் கட்டம் வந்தே தீரும். இதைச் சரிசெய்ய யாரும் முண்டியடிக்க மாட்டார்கள்; கிளார்க் வேலை என்று ஒதுங்குவார்கள். போட்டியே இல்லாத இடம், ஆனால் டிசைன் முதல் டிஸ்பாட்ச் வரை எல்லோரும் உங்களைத் தேடி வரும் இடம். பிடித்துக்கொள்ளுங்கள்.

1. முதல் இரண்டு வாரம் கணக்கெடுங்கள்

புதுத் திட்டத்தோடு மீட்டிங்கில் எழுந்து நிற்காதீர்கள். கடைசி ஒரு வருடத்தில் நடந்த மாற்றங்களை ஒரு ஷீட்டில் இறக்குங்கள். நம்பர் உள்ளவை, நம்பரே இல்லாதவை, ஒரே நம்பர் இருமுறை வந்தவை, நடுவில் விட்டுப்போனவை என்று நான்கு நிறம் கொடுங்கள். வாட்ஸ்அப்பில் போட்டோவாகப் போன டிராயிங்குகளையும் சேருங்கள். ஜாப் ஒர்க் கொடுக்கும் சின்னப் பட்டறைகளுக்கு முக்கால்வாசி மாற்றம் அப்படித்தான் போயிருக்கும். யாரையும் குற்றம் சொல்லாதீர்கள். அந்த ஷீட் கையில் இருந்தால் போதும். நிலவரம் தெரிந்தவர் என்ற மரியாதை தானாக வரும்.

2. மாறாததை மட்டும் நம்பரில் வையுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விதியை நினைவில் வைத்துக்கொள்வதானால் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

நம்பர் போட உட்காரும் எல்லோருக்கும் முதலில் தோன்றும் ஆசை, நம்பரிலேயே எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்பது. 'இசிஓ-பம்ப்-டிசைன்-அர்ஜென்ட்-07' என்று ஆரம்பிப்பார்கள். மூன்றே மாதத்தில் அது பொய்யாகிவிடும். அர்ஜென்ட் என்றது ஆறப்போட்ட விஷயமாகியிருக்கும். பம்ப்புக்கு என்று போட்ட மாற்றம் மோட்டார் ஷாஃப்டையும் தொட்டிருக்கும். டிசைனும் புராசஸும் ஒரே டிபார்ட்மென்ட் ஆகியிருக்கும். நம்பர் மட்டும் பழைய கதையையே சொல்லிக்கொண்டிருக்கும்.

உங்கள் பர்ஸிலேயே இதற்குப் பாடம் இருக்கிறது. ஆதார் எண்ணை எடுத்துப் பாருங்கள். 12 இலக்கம். உங்கள் ஊர், சாதி, மதம், வயது எதுவும் அதில் இல்லை. கடைசி இலக்கம் டைப்பிங் தவறைப் பிடிப்பதற்கான சரிபார்ப்பு இலக்கம், அவ்வளவுதான். நீங்கள் கோவையிலிருந்து புனேவுக்குக் குடிபோனாலும் எண் அப்படியே நிற்கும். வண்டி நம்பர் பிளேட் அப்படியில்லை. டிஎன் 37 என்றால் கோவை. அதே வண்டியை வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் மறுபதிவுக்கு அலைய வேண்டும். அடிக்கடி மாநிலம் மாறுகிறவர்களுக்காக மத்திய அரசு 2021-இல் பிஎச் என்ற தனி சீரிஸையே கொண்டுவர வேண்டியதாயிற்று.

அப்படியானால் நம்பரில் அர்த்தமே இருக்கக் கூடாதா? இருக்கலாம். 1972 ஆகஸ்ட் 15 முதல் நடைமுறையில் இருக்கும் பின்கோடில் முதல் இலக்கம் மண்டலத்தைக் குறிக்கிறது. 6 என்றால் தெற்கே தமிழ்நாடும் கேரளமும். தபால் ஆபீஸ் இருக்கும் ஊர் எழுந்து வேறு மாநிலத்துக்கு நடந்து போகாது. ஆகவே அந்த அர்த்தம் தாங்குகிறது. உங்கள் இசிஓவிலும் இதே சோதனையை வையுங்கள். எழுப்பப்பட்ட வருடம் எப்போதும் மாறாது, வைக்கலாம். எழுப்பிய பிளான்ட் மாறாது, வைக்கலாம். புராடக்ட், டிபார்ட்மென்ட், அவசரம், ஸ்டேட்டஸ் எல்லாம் மாறும்; அவற்றுக்கு ரிஜிஸ்டரில் தனித்தனி காலம் கொடுங்கள். ஃபில்டர் போட்டுத் தேடுவது அங்கேதான் சுலபம்.

3. எத்தனை இலக்கம் என்று கணக்குப் போட்டு முடிவு செய்யுங்கள்

இன்று வாரத்துக்கு ஆறு மாற்றம், வருடத்துக்குச் சுமார் 300 என்று வைத்துக்கொள்வோம். கம்பெனி வளர்ந்து அது வருடாவருடம் இரட்டிப்பானால் 300, 600, 1,200, 2,400, 4,800. ஐந்தே வருடத்தில் 9,300. நான்கு இலக்கத்தில் 9,999 வரைதான் போக முடியும். ஆறாவது வருடத் தொடக்கத்திலேயே முட்டிக்கொள்வீர்கள். ஓர் இலக்கம் கூட வைப்பதற்குச் செலவில்லை. ஐந்து வருடம் கழித்துக் கூட்டுவதற்குச் செலவு உண்டு.

என் பரிந்துரை நேரடியானது: 'இசிஓ' என்ற முன்னொட்டு, அதன்பின் ஐந்து இலக்க ஓடும் நம்பர், தொடக்கம் 10001. முன்னால் சைபர் வராததால் எக்ஸெல் அதை விழுங்காது. 99999 வரை கிட்டத்தட்ட 90,000 மாற்றங்களுக்கு இடம் உண்டு.

வருடம் கண்ணில் தெரிய வேண்டும் என்று மேனேஜர் பிடிவாதம் பிடித்தால் 'இசிஓ-25-0001' என்று போகலாம். ஆனால் 25 என்றால் காலண்டர் வருடமா, ஏப்ரலில் தொடங்கும் நிதியாண்டா என்பதை முதல் நாளே எழுத்தில் வையுங்கள். அக்கவுன்ட்ஸ் ஏப்ரலில் நம்பரைத் திருப்புவார்கள், டிசைன் ஜனவரியில் திருப்புவார்கள். நடுவில் மூன்று மாதம் குழப்பம்தான்.

ஃபார்மட்டை முடிவு செய்யும் முன் இஆர்பி ஆளிடம் ஃபீல்டின் நீளத்தைக் கேளுங்கள். சாப் மென்பொருளில் சேஞ்ச் நம்பருக்கு 12 எழுத்து இடம்தான். இன்று எக்ஸெலில் 18 எழுத்துக்கு அழகான நம்பர் போட்டுவிட்டு, நாளை சாப் வரும்போது வெட்டிக்கொண்டிருக்க வேண்டாம்.

4. கண்ணை ஏமாற்றும் எழுத்துகளை விலக்குங்கள்

ஆங்கில எழுத்து 'ஓ' சைபரைப் போலவே இருக்கும். 'ஐ' ஒன்றைப் போல. எண்ணெய்க் கறை படிந்த டிராயிங்கில், நைட் ஷிஃப்ட் வெளிச்சத்தில், இந்த வித்தியாசம் யாருக்கும் தெரியாது. உங்கள் ஆர்சி-யில் இருக்கும் சேசிஸ் எண்ணைப் பாருங்கள்: சர்வதேச முறைப்படி 17 எழுத்து, அதில் ஐ, ஓ, கியூ மூன்றும் வராது. டிராயிங் ரிவிஷனுக்கான அமெரிக்க ஸ்டாண்டர்டு ஏஎஸ்எம்இ ஒய்14.35 இன்னும் கண்டிப்பு: ஐ, ஓ, கியூ, எஸ், எக்ஸ், இசட் ஆறையும் ரிவிஷன் எழுத்தாகப் பயன்படுத்தக் கூடாது. மிஞ்சும் 20 எழுத்தும் தீர்ந்தால் 'ஒய்'க்குப் பிறகு 'ஏஏ'. இது தெரியாமல் ரெவ் 'ஓ' என்று ரிலீஸ் செய்யும் இன்ஜினியர்கள் இருக்கிறார்கள். நீங்கள் அவர்களில் ஒருவராக இருக்காதீர்கள்.

எக்ஸெலையும் நம்பாதீர்கள். 0017 என்று அடித்தால் 17 என்று காட்டும். 3-12 என்று அடித்தால் தேதியாக்கும். இலக்கங்களுக்கு நடுவில் 'இ' வரும் பார்ட் நம்பரைப் பத்தின் அடுக்காக மாற்றிவிடும். டெக்ஸ்டாக வைத்தால் 10 என்பது 2-க்கு முன்னால் போய் நிற்கும். இது நம் ஊர்ப் பிரச்சினை மட்டுமில்லை. எக்ஸெல் தேதியாக மாற்றிக்கொண்டே இருந்ததால், மார்ச், செப்ட் என்று தொடங்கிய மனித ஜீன்களின் பெயர்களை விஞ்ஞானிகள் மாற்றியே விட்டார்கள். 2020-இல் அதற்கு முறையான வழிகாட்டுதலும் வந்தது. ஆகவே ரிஜிஸ்டரின் நம்பர் காலத்தை முதலிலேயே டெக்ஸ்ட் ஃபார்மட்டில் பூட்டுங்கள். எல்லா நம்பரும் ஒரே நீளத்தில் இருக்கட்டும்.

5. சின்னக் கம்பெனிக்கு ஒரே நம்பர் போதும்

ரிக்வெஸ்ட்டுக்கு ஒரு நம்பர், ஆர்டருக்கு ஒன்று, நோட்டீஸுக்கு ஒன்று என்று மூன்று சீரிஸ் வைப்பது பெரிய கம்பெனிகளின் வழக்கம். அதற்குக் காரணம் உண்டு. இரண்டு ரிக்வெஸ்ட் சேர்ந்து ஒரே ஆர்டர் ஆகலாம். ஒரு ரிக்வெஸ்ட் இரண்டு ஆர்டராகப் பிரியலாம். ஆனால் டிசைனில் ஐந்து பேர் இருக்கும் இடத்தில் மூன்று சீரிஸ் வைத்தால், எந்த ரிக்வெஸ்ட் எந்த ஆர்டர் ஆனது என்று தேடுவதே தனி வேலையாகிவிடும்.

ஆகவே ஐடியா வந்த நாளிலேயே ஒரு நம்பர் கொடுங்கள். கடைசிவரை அதே நம்பர். ரிக்வெஸ்ட், அப்ரூவ்டு, ரிலீஸ்டு, ரிஜெக்டட் என்பதெல்லாம் ஸ்டேட்டஸ் காலத்தில் மாறட்டும். ரிஜெக்ட் ஆனதற்கும் நம்பர் நிற்கும். இரண்டு வருடம் கழித்து அதே யோசனையோடு இன்னொருவர் வரும்போது, ஏன் வேண்டாம் என்று விட்டோம் என்பதை எடுத்துக் காட்டலாம். பிரிக்க வேண்டி வந்தால் 10342-ஏ, 10342-பி என்று வால் ஒட்டாதீர்கள். புது நம்பர் எடுத்து, 'தொடர்புடைய இசிஓ' காலத்தில் பழையதைக் குறியுங்கள்.

இன்னொன்று: ஓர் இசிஓவுக்கு ஒரு காரணம். "ஏன் இத்தனை இசிஓ?" என்று மேலிடம் கத்தும் கம்பெனிகளில், ஐந்து மாற்றத்தை ஒரே நம்பருக்குள் மூட்டை கட்டிவிடுவார்கள். பிறகு அதில் ஒன்றை மட்டும் திரும்பப் பெற வேண்டி வந்தால் மூட்டை முழுவதையும் அவிழ்க்க வேண்டும். இசிஓ எண்ணிக்கையைத் தவறுகளின் எண்ணிக்கையாகப் பார்க்க வேண்டாம் என்று மேனேஜரிடம் முதலிலேயே பேசி வையுங்கள். அதை வைத்துத் திட்டினால் மாற்றங்கள் குறையாது, மறைக்கப்படும்.

6. ரிவிஷனா, புது பார்ட் நம்பரா? இங்கே தடுமாறாதீர்கள்

இசிஓ நம்பர், பார்ட் நம்பர், டிராயிங் ரிவிஷன் மூன்றும் தனித்தனி. ஒன்றை இன்னொன்றுக்குள் திணிக்காதீர்கள். ஓர் இசிஓ பத்து டிராயிங்கைத் தொடலாம். அப்போது பத்து டிராயிங்கின் ரிவிஷன் பெட்டியிலும் அதே இசிஓ நம்பர் இருக்கும். மூன்றையும் கோக்கும் நூல் அதுதான்.

எப்போது ரிவிஷன் மட்டும் மாற்றலாம், எப்போது பார்ட் நம்பரே மாற வேண்டும்? ஃபார்ம், ஃபிட், ஃபங்ஷன் என்று பாடப்புத்தகம் சொல்லும். வடிவம், பொருத்தம், செயல்பாடு. ஷாப் ஃப்ளோரில் இதைக் கேட்கும் விதம் இன்னும் தெளிவானது: பழையதையும் புதியதையும் ஒரே பின்னில் கலந்து போட்டுவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு எதை எடுத்துப் பொருத்தினாலும் சரியா? சரி என்றால் ரிவிஷன் போதும். இல்லை என்றால் புது பார்ட் நம்பர். டிராயிங்கில் எழுத்துப்பிழை திருத்தினீர்களா, ரிவிஷன். இம்பெல்லர் போர் 20 மில்லிமீட்டரிலிருந்து 22 ஆனதா, சந்தேகமே வேண்டாம், புது நம்பர்.

இதைத் தவறவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு உலகமே பார்த்த உதாரணம் ஜெனரல் மோட்டார்ஸின் இக்னிஷன் ஸ்விட்ச். ஓடும்போதே சாவி நழுவி இன்ஜின் நின்று, ஏர்பேக்கும் விரியாமல் போகக்கூடிய குறை அந்த ஸ்விட்சில் இருந்தது. 2006-இல் உள்ளே இருக்கும் பிளஞ்சரையும் ஸ்பிரிங்கையும் மாற்றி வலுப்படுத்த அனுமதி கொடுத்தார்கள். பார்ட் நம்பரை மட்டும் மாற்றவில்லை. பிற்பாடு விசாரித்தவர்களுக்குப் பழைய கார்களில் வரும் கோளாறு புதிய கார்களில் ஏன் குறைந்தது என்று பிடிபடவே இல்லை. காகிதத்தில் இரண்டும் ஒரே ஸ்விட்ச். 2013-இல், ஒரு வழக்குக்காக நியமிக்கப்பட்ட வல்லுநர் இரண்டு ஸ்விட்சையும் பிரித்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் வித்தியாசம் வெளியே வந்தது. 2014-இல் சுமார் 26 லட்சம் கார்கள் திரும்ப அழைக்கப்பட்டன. இழப்பீட்டு நிதி 124 மரணங்களை ஏற்றுக்கொண்டது. 2015-இல் அமெரிக்க அரசுக்குக் கம்பெனி 90 கோடி டாலர் கட்டச் சம்மதித்தது. குறை டிசைனில் இருந்தது. அதைக் கண்டுபிடிக்க முடியாமல் வருடங்கள் ஓடியதில், மாறாத அந்த நம்பருக்குப் பெரிய பங்கு உண்டு. நம் வேலை வெறும் காகித வேலை என்று யாராவது சொன்னால் இதைச் சொல்லுங்கள்.

7. ஒரு ரிஜிஸ்டர், ஒரு பொறுப்பாளர், ஒரு மாற்று ஆள்

நம்பர் கொடுக்கும் இடம் ஒன்றுதான் இருக்க வேண்டும். ஷேர்டு ஃபோல்டரில் ஆளுக்கொரு காப்பி எடுத்துத் திறக்கும் எக்ஸெல் என்றால் டூப்ளிகேட் நிச்சயம். ஒரே நேரத்தில் பலர் பார்க்கக்கூடிய ஆன்லைன் ஷீட்டோ, இஆர்பி-யின் ஆட்டோ நம்பரோ வேண்டும். இந்த நான்கு விதிகளை ரிஜிஸ்டரின் முதல் பக்கத்திலேயே எழுதி வையுங்கள்:

முதல் விதி, நம்பரை முன்கூட்டியே யாருக்கும் ஒதுக்குவதில்லை. "எனக்குப் பத்து நம்பர் எடுத்து வையுங்க" என்பதற்கு இடமில்லை.

இரண்டாவது, ரத்தானாலும் நம்பர் திரும்பப் புழக்கத்துக்கு வராது. 'கேன்சல்டு' என்று எழுதி, காரணம் எழுதி, அங்கேயே விடுங்கள். ஜிஎஸ்டி இன்வாய்ஸுக்குச் சட்டம் என்ன சொல்கிறது? தொடர் எண், 16 எழுத்துக்குள், ஒரு நிதியாண்டில் திரும்ப வரக் கூடாது. அக்கவுன்ட்ஸுக்கு இருக்கும் அந்த ஒழுக்கம் இன்ஜினியரிங்குக்கும் வேண்டும்.

மூன்றாவது, நம்பர் கொடுப்பது அனுமதி கொடுப்பதாகாது. இதைப் பலர் குழப்பிக்கொண்டு, நம்பர் கேட்டு வருகிறவரிடம் நூறு கேள்வி கேட்பார்கள். அடுத்த முறை அவர் உங்களைச் சுற்றிக்கொண்டு போய்விடுவார். நம்பர் ஐந்து நிமிடத்தில் கிடைக்கட்டும். கேள்விகள் அப்ரூவல் மீட்டிங்கில் வரட்டும்.

நான்காவது, இரவு இரண்டு மணிக்கு லைன் நின்றாலும் நம்பர் எடுத்த பிறகுதான் மாற்றம். அதற்காகத்தான் மாற்று ஆள். உங்கள் இருவரின் போன் நம்பரும் லைனில் ஒட்டியிருக்கட்டும்.

ரிஜிஸ்டரில் இருக்க வேண்டியவை: நம்பர், எழுப்பிய தேதி, எழுப்பியவர், ஒரே வாக்கியத்தில் காரணம், தொடும் பார்ட்டுகள், பழைய ரிவிஷன், புதிய ரிவிஷன், கையிருப்பை என்ன செய்வது, அனுமதித்தவர், எந்த பேட்ச் அல்லது சீரியலிலிருந்து அமல், முடித்த தேதி. கையிருப்புக் காலத்தை யாரும் விடக் கூடாது. அப்படியே பயன்படுத்துவதா, ரீஒர்க்கா, ஸ்க்ராப்பா? திங்கட்கிழமை ஸ்டோர்ஸ் கேட்ட கேள்விக்குப் பதில் அங்கேதான் இருக்கிறது.

8. இரண்டாவது பிளான்ட் வருகிறது என்று நினைத்தே திட்டமிடுங்கள்

வளரும் கம்பெனி ஒரே காம்பவுண்டுக்குள் நிற்காது. இரண்டு பிளான்ட்டும் ஒரே ஆன்லைன் ரிஜிஸ்டரில் நம்பர் எடுத்தால் அதைவிடச் சிறந்தது இல்லை. முடியாவிட்டால் தொகுதியாகப் பிரியுங்கள்: கோவைக்கு 10001 முதல், ஓசூருக்கு 50001 முதல். எழுப்பிய இடம் மாறாது என்பதால் நம் விதிக்கும் இது பொருந்தும்.

இன்னொரு கம்பெனியை வாங்கினால் அவர்களுடைய பழைய நம்பர்களை மாற்றாதீர்கள். ஷாப் ஃப்ளோரிலும் வெண்டரிடமும் கஸ்டமர் ஃபைலிலும் கிடக்கும் ஆயிரம் டிராயிங்குகளில் அந்தப் பழைய நம்பர்தான் இருக்கிறது. ஒரு முன்னொட்டு சேர்த்து அப்படியே உள்ளே எடுங்கள். புது முறை இன்ன தேதியிலிருந்து என்று கோடு போட்டு, அங்கிருந்து ஓடுங்கள். உங்கள் பழைய '17'களுக்கும் இதே வைத்தியம்தான்.

கஸ்டமர் அனுப்பும் சேஞ்ச் நம்பரை உங்கள் நம்பராக்கிக்கொள்ளாதீர்கள். இரண்டு கஸ்டமர் ஒரே நம்பரோடு வரும் நாள் வரும். அதற்கென்று தனிக் காலம் வையுங்கள்.

9. ஆடிட்டர் முன் ஜெயிக்கும் வழி

ஐஎஸ்ஓ 9001:2015-இல் இரண்டு பிரிவுகளை நம்பரோடு மனதில் வையுங்கள். 8.3.6 டிசைன் மாற்றம் பற்றியது, 8.5.6 உற்பத்தியில் வரும் மாற்றம் பற்றியது. என்ன பரிசீலித்தீர்கள், யார் அனுமதித்தார், என்ன நடவடிக்கை எடுத்தீர்கள் என்பதற்கான பதிவை இரண்டுமே கேட்கின்றன. உங்கள் ரிஜிஸ்டரின் காலங்களே அதற்கு விடை. ஆட்டோ சப்ளையராக இருந்தால் ஐஏடிஎஃப் 16949 கூடுதலாக ஒன்றைக் கேட்கும்: கஸ்டமரின் ஸ்பெசிஃபிகேஷன் மாற்றம் கைக்கு வந்தால் 10 வேலை நாளுக்குள் பரிசீலனை முடிய வேண்டும். வந்த தேதியை நீங்கள் எழுதவே இல்லை என்றால், பத்து நாள் கணக்கை எங்கிருந்து தொடங்குவீர்கள்?

ஆடிட்டுக்கு ஒரு வாரம் முன்பு உங்களுக்கு நீங்களே ஒரு டெஸ்ட் வையுங்கள். லைனில் ஏதாவது ஒரு டிராயிங்கை எடுத்து, ரிவிஷன் பெட்டியில் இருக்கும் இசிஓவை ரிஜிஸ்டரில் தேடி அப்ரூவல்வரை போங்கள். பிறகு தலைகீழாக, ரிஜிஸ்டரில் ஏதாவது ஒரு நம்பரை எடுத்து, அது சொல்லும் புது டிராயிங் லைனில் இருக்கிறதா, பழையது அகற்றப்பட்டதா என்று போய்ப் பாருங்கள். இரண்டு பக்கமும் ஐந்து நிமிடத்துக்குள் முடிந்தால் நீங்கள் தயார்.

10. மேனேஜரிடம் ரூபாயில் பேசுங்கள்

"சிஸ்டம் சரியில்லை" என்று சொன்னால் யாரும் கேட்க மாட்டார்கள். கணக்கெடுத்த ஷீட்டிலிருந்து ஒரே ஒரு சம்பவத்தை எடுங்கள். பழைய டிராயிங்கில் 200 காஸ்டிங் மெஷினிங் ஆனது, ஒன்றுக்கு 450 ரூபாய், மொத்தம் 90,000 ரூபாய் வீண் என்று உங்கள் கம்பெனியின் உண்மையான கணக்கு இருக்கும். அதை ஒரே பக்கத்தில் எழுதி, கீழே மூன்று வரியில் புது நம்பர் முறையைச் சொல்லி, ஒரே புராடக்ட் லைனில் 30 நாள் டிரையல் கேளுங்கள். தயாரித்தவர் என்ற இடத்தில் உங்கள் பெயர் இருக்கட்டும். இதில் கூச்சம் வேண்டாம். வேலை நன்றாக நடக்கும்போது உரிமை கொண்டாட நாலு பேர் வருவார்கள். பேப்பரில் பெயர் உள்ளவர்தான் நிற்பார்.

பேச்சிலும் மெயிலிலும் நம்பரைப் பழக்கமாக்குங்கள். 'அந்த இம்பெல்லர் விஷயம்' என்று எழுதாதீர்கள். சப்ஜெக்ட் லைனின் முதல் சொல்லே 'இசிஓ 10342' என்று இருக்கட்டும். வெண்டருக்கு வாட்ஸ்அப் அனுப்பினாலும் முதல் வரியில் அதே நம்பர். ஒரே மாதத்தில் மற்றவர்களும் அப்படியே எழுதத் தொடங்குவார்கள். உங்கள் பழக்கம் கம்பெனியின் பழக்கமாகும்.

11. இன்டர்வியூவில் இதை எப்படிச் சொல்வது

ரெஸ்யூமேயில் 'டாக்குமென்ட் கன்ட்ரோல் பார்த்தேன்' என்று எழுதினால் கிளார்க் என்றுதான் படிப்பார்கள். 'இரண்டு பிளான்ட்டுக்குப் பொதுவான இசிஓ நம்பர் முறையை வடிவமைத்து அமல்படுத்தினேன்; டூப்ளிகேட் நம்பர்கள் நின்றன' என்று, செய்ததை மட்டும் எழுதுங்கள். உங்கள் ரிஜிஸ்டரிலிருந்து உண்மையான முன், பின் எண்களைச் சேருங்கள். பிஎல்எம், கான்ஃபிகரேஷன் மேனேஜ்மென்ட் என்ற பெயரில் சென்னை, பெங்களூரு, புனேயில் இருக்கும் இன்ஜினியரிங் சென்டர்களில் டீம்சென்டர், விண்ட்சில் மென்பொருள்கள் தெரிந்தவர்களைத் தேடுகிறார்கள். மென்பொருளை யாரும் கற்றுக்கொள்ளலாம். நம்பர் ஏன் அப்படி இருக்க வேண்டும் என்று சொல்லத் தெரிந்தவர்கள் குறைவு.

"ஒரு பார்ட் மாறினால் ரிவிஷனா, பார்ட் நம்பரா?" என்ற கேள்வி வந்தே தீரும். பின்னில் கலந்து போடும் சோதனையைச் சொல்லுங்கள். நீங்கள் பார்த்த ஓர் உதாரணத்தைச் சொல்லுங்கள். நிறுத்துங்கள். முப்பது வினாடி போதும்.

12. நாளைக்கே தொடங்க ஒரு மாதத் திட்டம்

முதல் வாரமும் இரண்டாவது வாரமும் கணக்கெடுப்பு. மூன்றாவது வாரம் ஒரு பக்கக் குறிப்பு, இஆர்பி ஆளோடும் ஸ்டோர்ஸ், பர்ச்சேஸ், குவாலிட்டி ஆட்களோடும் தனித்தனியாக டீ குடித்தபடி பேச்சு. மீட்டிங்குக்குள் நுழையும் முன்பே மூன்று பேராவது உங்கள் பக்கம் இருக்க வேண்டும். நான்காவது வாரம் மேனேஜரின் கையெழுத்து, புது ரிஜிஸ்டர், 10001.

அந்த முதல் நம்பரைப் போடும் நாளில் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். பத்து வருடம் கழித்து உங்கள் பம்ப் ஏதோ ஓர் ஊரில் கிணற்றடியில் நின்றுபோகும். பயிர் காய்கிறது. மெக்கானிக் பம்ப்பின் பிளேட்டில் இருக்கும் சீரியல் எண்ணைப் படித்து டீலருக்குப் போன் செய்கிறார். அப்போது உங்கள் சீட்டில் வேறொரு இளைஞர் இருப்பார். அந்த சீரியல் எந்த இசிஓவுக்கு முன்னால் வந்தது, பின்னால் வந்தது என்று ரிஜிஸ்டரைத் திறந்து பார்த்து, 20 மில்லிமீட்டர் போர் இம்பெல்லரா, 22-ஆ என்று சரியாகச் சொல்வார். மறுநாளே தண்ணீர் பாயும். அந்தப் பக்கத்தை எழுதி வைத்தவர் இப்போது பிளான்ட் ஹெட் சீட்டில் இருக்கிறார் என்று அந்த இளைஞருக்கு யாராவது சொல்லட்டும்.